இறங்கு காற்று

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. தஞ்சாவூர்க்காரன் தண்ணீரைப் பற்றிப் பேசுவது போல, மதுரைக்காரன் மல்லிகையைப் பற்றிப் பேசுவது போல, தென்காசி வட்டாரத்தில் பிறந்தவன் காற்றைப் பற்றிப் பேசுவான். ஆனி பிறந்துவிட்டால் போதும். சென்னையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும் சிநேகிதர்களுக்கு, "சாரல் விழுகிறது, குடும்பத்தோடு வந்து சேரும்" என்று செய்தி அனுப்புவதில் எங்களுக்கு ஒரு குரூர சந்தோஷம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும். செங்கோட்டை, தென்காசி, ஆய்க்குடி என்று ஒவ்வோர் ஊர்த் தென்னந்தோப்பையும் தலைவிரி கோலமாக்கிவிட்டு, சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போகும். கொடியில் போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டும். அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். போதாக்குறைக்கு, தென்றல் பிறந்த பொதிகையும் எங்கள் ஜில்லாவை ஒட்டித்தான் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இந்தக் கர்வத்தில் ஊசி குத்தியவன் ஆய்க்குடித் தம்பி ஒருவன். பெயரைப் போடக் கூடாது என்பது அவன் விதித்த நிபந்தனை. ஆகவே தம்பி என்றே எழுதிக்கொண்டு போகிறேன். கடைத்தெருவை ஒட்டிய ஒரு சின்ன அறையில் செல்போனும் மிக்ஸியும் பழுது பார்க்கிறான். பத்தொன்பதாவது வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்று முதல் சக்கர நாற்காலிதான்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் "அடடா!" என்பார்கள். ஆய்க்குடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் இந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே, சங்கத்தின் புண்ணியத்தில், எங்கள் தெருக்களில் சக்கர நாற்காலி என்பது சைக்கிளைப் போல ஒரு சாதாரண வாகனமாகிவிட்டது. வழி விடச் சொல்லி மணி அடித்தால் விட வேண்டியதுதான். சங்கத்தின் பெயரில் வரும் 'அமர்', ராமகிருஷ்ணனுக்குச் சிகிச்சை செய்த விமானப்படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரிலிருந்து வந்தது. "நம்ம ஊருக்கும் ஆகாசத்துக்கும் அப்பவே ஒரு சம்பந்தம் விழுந்துட்டு அண்ணாச்சி" என்பான் தம்பி.

தம்பிக்கு ஒரு பழக்கம். கடை திறப்பதற்கு முன் காலையில் ஒரு மணி நேரமும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரையும் வீட்டுப் பின்புறத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பருந்து பார்ப்பான். எதிரே வயல். வயலுக்கு அப்பால் வானத்தை அடைத்துக்கொண்டு மலை. மடியில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். எந்தத் தேதியில், எந்த மணிக்கு, எந்தக் காற்றில், மலையின் எந்த மடிப்பில் எத்தனை பருந்து சிறகடிக்காமல் நின்றது என்று ஆறு வருஷத்துக் கணக்கு வைத்திருக்கிறான். நானும் எழுதுகிறவன்தான். ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு விஷயத்தை அவன் அளவுக்குக் கவனித்து எழுதினேனா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஒரு நாள் அவன் சொன்னான்: "அண்ணாச்சி, கதைக்குக் கதை மேகாத்து மேகாத்துன்னு எழுதுதியளே, அது நம்ம பக்கம் இறங்குத காத்துல்லா?"

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். அணைக்கட்டின் மேல் வழிகிற தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற பக்கம் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அந்தப் பக்கம் கீழே விழுகிறது. காற்றும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலிலிருந்து வந்து கேரளத்துப் பக்கம் மலைமேல் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டி எங்கள் பக்கம் சரியும்போது இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும். சூடேறினால் மேகம் கரையும். சீசனில் தென்காசியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: மலை உச்சியில் வெள்ளைப் போர்வை போட்டது போல மேகம் உட்கார்ந்திருக்கும், கீழே காற்று அம்மியைப் பெயர்த்துக்கொண்டு போகும், ஆனால் அந்தப் போர்வையின் விளிம்பு ஒரு சாண்கூட நகராது. நகராமல் இல்லை, வந்துகொண்டே இருக்கிறது, வந்த இடத்திலேயே கரைந்துகொண்டும் இருக்கிறது. கணவாயின் இடுக்கில் தப்பிப் பிழைத்து வருகிற துளிகள்தான் நம்முடைய சாரல். நாற்பது வருஷமாக அண்ணாந்து பார்த்த மேகம். அதன் விளிம்பை ஒருவன் விரலால் சுட்டிக் காட்டின பிறகு அது வேறு மேகமாகிவிட்டது.

பருந்துக்கு இது நன்றாகத் தெரியும் என்கிறான் தம்பி. அவன் நோட்டுப்படி, ஆடி மாசத்து மேல்காற்றில் அவை பெரிய மலையின் ஓரத்துக்கே போவதில்லை. பண்பொழித் திருமலைக் கோயில் நிற்கிறதே, அந்தத் தனிக் குன்றின் மேற்கு முகத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே காற்று முட்டி மேலே எழும்பும். ஆனால் தை, மாசியில் கதை வேறு. அப்போது அடிப்பது கீழ்காற்று. நம் முன்னோர் கொண்டல் என்று தனிப்பெயர் வைத்த காற்று. வாடை, தென்றல், கோடை, கொண்டல் என்று நாலு திசைக்கு நாலு பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. கொண்டல் கிழக்கிலிருந்து வந்து எங்கள் பக்கத்துச் சரிவில் நேரே மோதுகிறது. போதாததற்குக் காலை வெயிலும் அந்தச் சரிவில்தான் விழுகிறது. இரண்டும் சேர்ந்த நாளில் ஒரு பருந்து சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் ஐம்பது நிமிஷம் மலையோரத்தில் போய்ப் போய் வந்ததாக நோட்டில் எழுதியிருக்கிறான். பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

மனிதர்களும் இந்த வித்தையைச் செய்கிறார்கள். யந்திரம் இல்லாத விமானத்தில் ஏறி, காற்று மலையில் மோதி எழும் இடத்தில் சரிவோடு சரிவாகப் போய் வந்துகொண்டிருப்பது. கிளைடர் என்று பெயர். ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது: கிளைடர் எந்நேரமும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. நல்ல கிளைடர் விநாடிக்கு முக்கால் மீட்டருக்கும் குறைவாக இறங்கும். அதைச் சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாக மேலே போனால் கிளைடரும் மேலே போகும். மேலே போகிற மாடிப்படியில் நின்று கீழே நடக்கிறவன் மாதிரி. படி நின்றால் அவன் கீழே வந்து சேருவான்.

1911-ல் ஆர்வில் ரைட் அமெரிக்கக் கடற்கரை மணல்மேட்டுக் காற்றில் 9 நிமிஷம் 45 விநாடி நின்றார். விமானத்தையே கண்டுபிடித்த மனிதர், எட்டு வருஷம் கழித்து யந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பருந்திடம் திரும்பிப் போயிருக்கிறார். முதல் யுத்தத்துக்குப் பின், ஜெர்மானியர்கள் யந்திர விமானம் கட்ட ஒப்பந்தம் தடை போட்டபோது, அந்நாட்டு இளைஞர்கள் வாஸர்குப்பே என்ற மலையில் கூடி இதையே பெரிய சாஸ்திரமாக்கினார்கள். 1922-ல் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார்கள். 1952-ல் ஷார்ல் அட்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் தெற்கு பிரான்ஸில் ஒரு மலைச்சரிவில் 56 மணி 15 நிமிஷம் இறங்காமல் இருந்தார். இரண்டு இரவு! பிறகு ஆட்கள் தூங்கிப்போய் மலையில் மோத ஆரம்பித்ததால் அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம்.

நம் தேசத்திலும் கிளைடர் கட்டியிருக்கிறார்கள். சிவில் விமானத் துறையில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-ல் பறந்தது. அதற்கு முன் அசுவினி. அடுத்தடுத்துக் கார்த்திக், மிருகசீரிஷம். 1979-ல் ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நட்சத்திர வரிசையில் பெயர் வைத்திருக்கிறார்கள். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஆயில்யம். எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். அந்த வரிசையில் ஆயில்யத்துக்கு இன்னும் இரண்டு நட்சத்திரம் தாண்ட வேண்டும்.

சென்ற செப்டம்பரில் நான் ஸ்காட்லாந்து போகும்படி நேர்ந்தது. என் அக்காள் மகள் எடின்பரோவில் குடித்தனம் செய்கிறாள், அவளுக்குப் பிரசவம். அக்காளுக்குத் துணையாக நான் போனேன். சமாசாரம் தெரிந்ததும் தம்பி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அங்க பக்கத்துல போர்ட்மோக்னு ஒரு இடம் இருக்காம். மலையோரத்துல கிளைடர் விடுதாக. என்ன மாதிரி ஆளுகளும் அங்க பறக்காகளாம். காலு செய்யுத வேலைய கையால செய்யுததுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்காகளாம். நீங்க அதப் பாத்துட்டு வரணும்."

"பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன்.

"பாத்துட்டு வந்தா போதாது. ஏறிட்டு வரணும். கைக்கு எவ்வளவு பலம் வேணும்னு தெரியணும்."

எனக்கு ஏணியில் நாலாவது படி ஏறினால் தலை சுற்றும். அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

எடின்பரோவிலிருந்து வடக்கே, கடற்கழியைப் பாலத்தில் தாண்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போர்ட்மோக். பக்கத்தில் 1890-ல் கட்டிய ரயில் பாலம் சிவப்பாக நிற்கிறது. அதைப் பார்ப்பதற்கே டிக்கெட் போடலாம். ஸ்காட்லாந்துக் கிளைடர் சங்கத்தார் 1957 முதல் இந்த இடத்தில் இருக்கிறார்கள். ஒரு புல்வெளி. மேற்கே லெவன் ஏரி. ஏரித் தீவில் ஒரு சின்னக் கோட்டை. 1567-ல் ராணி மேரியைச் சிறை வைத்த கோட்டை. மறு வருஷம் அவள் அங்கிருந்து தப்பி ஓடினாள். சரித்திர நாவல் எழுதும் நண்பர்கள் யாராவது என்னோடு வந்திருந்தால் கிளைடரை மறந்து அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். புல்வெளிக்குக் கிழக்கே பிஷப் குன்று. 461 மீட்டர்தான் உயரம். எங்கள் குற்றால மலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பேரன் மாதிரி இருக்கும். ஆனால் மேற்கே பார்த்து, மதில் போல, நீளமாக நிற்கிறது. அந்த நாட்டில் அதிகமாக அடிப்பதும் மேல்காற்று. எங்களுக்கு இறங்குகிற அதே திசைக் காற்று அவர்களுக்கு ஏறுகிறது. தெய்வம் ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு மாதிரி படி அளக்கிறது.

என்னை ஏற்றிக்கொண்டு போனவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். அது சொல்லாமலே தெரிந்தது. என் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார்; பாரஷூட்டை மாட்டிவிட்டார்; முன் ஆசனத்தில் உட்கார வைத்து, மணப்பெண்ணுக்கு நகை பூட்டுவது போல அஞ்சு இடத்தில் வாரைப் பூட்டினார். அவர் பின்னால் உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்து, "இன்று காற்றுக்குப் புத்தி நிலையில்லை. அரை மணி கிடைத்தாலும் கிடைக்கும், அஞ்சு நிமிஷத்தில் இறங்கினாலும் இறங்குவோம்" என்றார்.

வெளிக்கோடியில் ஒரு பெரிய ராட்டினம் யந்திரத்தில் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் கம்பியைக் கிளைடரின் வயிற்றில் மாட்டுகிறார்கள். கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரிதான்; வேகம் மட்டும் வேறு. மூன்று எண்ணுவதற்குள் தரை போய்விட்டது. மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். பிள்ளையாரை நினைத்தேன், ஆய்க்குடி பாலசுப்பிரமணியரையும் நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். 'டங்' என்று கம்பி கழன்றது. மூக்கு சமமாயிற்று. சத்தம் போயிற்று. 1,300 அடி.

முதல் ஆச்சரியம் எதிரே இருந்த கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கம்பளி நூல். இத்தனை விலையுள்ள சாதனத்தில் இது என்ன கந்தல் என்று பார்த்தேன். அதுதான் முக்கியமான கருவியாம். கிளைடர் சாயும்போது அதன் மூக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். நூல் கோணும். காலால் சுக்கானை மிதித்து மூக்கைத் திருப்பினால் நூல் நேராகும். நூல் நேராக இருந்தால் எல்லாம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கால் செய்யும் வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த வேலை இல்லாமல் எதுவும் நடக்காது. தம்பியின் கேள்வி முழுவதும் அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

குன்றின் ஓரத்துக்கு வந்தோம். ஆடு மேய்வது தெரிந்தது. ஆட்டின் முகமும் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில். இன்னொரு கருவி 'கீக் கீக்' என்று கிளிக்குஞ்சு மாதிரிக் கத்த ஆரம்பித்தது. காற்று தூக்கினால் அது வேகமாக, மெல்லிய குரலில் கத்தும். இறக்கினால் அடிவயிற்றிலிருந்து முனகும். கண்ணை மூடிக்கொண்டாலும் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியும். நான் சிறிது நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறந்தபோது 1,900 அடி. குன்றின் தலை காலுக்குக் கீழே போயிருந்தது.

கோடி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும்போது எப்போதும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் திரும்ப வேண்டுமாம். மலைப்பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து காற்று தள்ளி அதிலேயே கொண்டுபோய் மோதிவிடும். எதிரே இன்னொரு கிளைடர் வந்தது. அம்மாள் உடனே ஒதுங்கி வழி விட்டார். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கே பாதை சொந்தம். இடப்பக்கம் வைத்திருப்பவன் விலக வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி என்றார். பிரதட்சிணம் வருகிறவனுக்கு வழி விடு! எங்கள் பாட்டி கோயிலில் சொன்னதைத்தான் ஸ்காட்லாந்து அம்மாள் ஆகாயத்தில் சொன்னார். எதிரே போன ஆசாமி கையை ஆட்டிவிட்டுப் போனான்.

இரண்டாவது நடையில் கிளிக்குஞ்சு வாயை மூடிக்கொண்டது. முதல் தடவை தூக்கிய அதே இடம், அதே பாறை, அதே ஆடுகள். தூக்கவில்லை. "ஏரியைப் பாருங்கள்" என்றார் அம்மாள். தண்ணீரில் காற்று போட்ட கோடுகள் தெரிந்தன. சற்று முன் நேரே எங்களை நோக்கி வந்த கோடுகள் இப்போது சாய்ந்திருந்தன. காற்று தெற்கே திரும்பிவிட்டது. மலையில் மோதாமல் அதன் ஓரத்தோடு உரசிக்கொண்டு போகிறது. உரசுகிற காற்று தூக்காது. தூரத்தில், ஏரிக்கு அந்தக் கரையில், மழை ஒரு சாம்பல் நிறப் படுதாவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. முள் கீழே சாய்ந்தது. 1,600. 1,500. 1,400.

எனக்குப் பயமாக இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இறங்கு காற்று என்று தம்பி திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை இப்போது நான் முதுகுத்தண்டில் கேட்டேன். லிப்டில் கீழே போகும்போது வயிறு லேசாகுமே, அந்த மாதிரி. கண்ணுக்கு எதுவுமே தெரியாது. மலை அங்கேயேதான் இருக்கிறது. வெயில்கூட இருக்கிறது. ஆனால் காலடியில் இருந்ததை யாரோ உருவிக்கொண்டு போகிறார்கள்.

வடக்கே, குன்று லேசாக வளைந்து தென்மேற்கைப் பார்க்கிற ஒரு மடிப்பில், ஒரு பறவை நின்றது. நம் பருந்து ஜாதிதான், கொஞ்சம் குட்டை. சிறகு அசையவில்லை. "அதோ!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். அம்மாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார். மடிப்புக்குள் நுழைந்ததும் ஆசனம் என்னைக் கீழிருந்து தள்ளியது. கிளிக்குஞ்சு மறுபடியும் கத்தியது. மொத்தம் நானூறு கெஜம் இருக்கும் அந்த இடம். அதற்குள்ளேயே எட்டு எழுதுவது போலத் திரும்பித் திரும்பி முந்நூறு அடி சம்பாதித்தோம். பறவை எங்களைச் சட்டை செய்யாமல் மேலே நின்றது.

அங்கேதான் அம்மாள், "இப்போது நீங்கள் பிடியுங்கள்" என்றார். கோலைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்ததும் கிளைடர் முரண்டு பிடித்தது. "இரண்டு விரல்" என்று பின்னாலிருந்து அதட்டல். இரண்டு விரலில் பிடித்தேன். ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிற கனம். அதற்கு மேல் இல்லை. அதன் இழுப்பு விரலுக்கு வருகிறது. நம் இழுப்பு அதற்குப் போகிறது. சிறகுக்கு வெளியே காற்று கனக்கிறதா இளைக்கிறதா என்று விரல் நுனிக்குத் தெரிகிறது.

பிறகு மழை வந்துவிட்டது. சிறகு நனைந்தால் கிளைடர் இன்னும் வேகமாக இறங்கும். 800 அடியில் அம்மாள் குன்றை விட்டுவிட்டார். இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று நின்றவர்கள்தான் வயலில் போய் விழுவார்கள் என்றார். ஏரிப்பக்கமாகச் சுற்றி வந்து இறங்கினோம். 38 நிமிஷம். நாங்கள் இறங்கிப் பத்து நிமிஷத்துக்குள் மழை நின்று, காற்று மறுபடி மேற்கே திரும்பி, மற்றவர்கள் எல்லாரும் உற்சாகமாக மேலே போனார்கள். அம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

தம்பி கேட்ட ஏற்பாட்டையும் பார்த்தேன். 'வாக்கிங் ஆன் ஏர்' என்ற தர்ம ஸ்தாபனம் அங்கே நடத்துகிறது. ஜெர்மனியில் செய்த இரட்டை ஆசனக் கிளைடர். 17 மீட்டர் சிறகு. ஒரு கிலோமீட்டர் உயரம் இருந்தால் காற்றில்லாத நாளில் 34 கிலோமீட்டர் போகும். தென்காசிக்கு மேலே விட்டால் ஆலங்குளம் தாண்டி இறங்கலாம். காலால் மிதிக்கும் சுக்கானுக்குப் பதில் கையால் தள்ளி இழுக்க ஒரு நெம்புகோல். புல்வெளியில் சக்கர நாற்காலி ஒன்று காலியாக நின்றது. அதன் சொந்தக்காரர் மேலே இருந்தார். அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் தம்பியிடம் போனேன். நூல், கிளிக்குஞ்சு, ஏரிக்கோடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னான். நான் கதையாகச் சொல்லப் போனால், "அது இருக்கட்டும், அப்ப முள்ளு எங்க நின்னுது?" என்று மறிப்பான். பறவையைக் காட்டிக் கொடுத்த இடத்தில் மட்டும் ஒன்றும் பேசாமல் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"இரண்டு விரல் போதும்" என்றேன் கடைசியில். "உன் கை சால்டரிங் பிடிக்கிற கை. என் கையைவிட நன்றாகச் செய்யும்."

அவன் யோசித்தான். "ஒரு கையில கோலு. இன்னொரு கையில சுக்கானு. சரி. இறங்கும்போது சிறகுல பிரேக்க இழுக்கணும்லா? அதுக்கு எந்தக் கை?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பின்னால் ஆசான் இருக்கிறார், தொடக்கத்தில் அதை அவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"அவுக எத்தன நாளைக்குப் பாப்பாக? ரெண்டு கைக்கு மூணு வேல" என்றான். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ வரைய ஆரம்பித்தான்.

எங்கள் மலையில் ஏன் பறக்கக்கூடாது என்ற பேச்சும் வந்தது. மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, அது ஒருபுறம். பறக்கிறவன் எங்காவது இறங்க வேண்டுமே! எங்கள் பூமியில் வயலும் தென்னையும் விட்டால் சமதரை என்பது குளத்துக்குள்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் குளம் வற்றிப் பாய் விரித்த மாதிரி கிடக்கும், அழகாக இறங்கலாம். ஆனால் அதன் பிறகு வருவது மேல்காற்று, இறங்குகிற காற்று. கொண்டல் வருகிற தை மாசத்தில், மழை முடிந்து, குளம் கரை தட்டிக் கிடக்கும். காற்று இருக்கும்போது தரை இல்லை. தரை இருக்கும்போது காற்று இல்லை. நான் இதைப் பெரிய தத்துவமாகச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டேன்.

தம்பி பெருமூச்சு விடவில்லை. "மாசிக் கடைசியில மேலக் குளம் பாதி வத்திரும் அண்ணாச்சி. கொண்டலும் ஒரு வாரம் பத்து நாள் நிக்கும். போன வருஷம் பதினோரு நாள்" என்று நோட்டைப் புரட்டிக் காட்டினான்.

இந்தத் தை மாசம் பொங்கல் கழிந்து நாலாம் நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிழக்கேயிருந்து காற்று. பனியெல்லாம் விலகி மலை கழுவி விட்ட மாதிரி நின்றது. பென்சில் படம் இப்போது அட்டையில் ஏறி, இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு சைக்கிள் பிரேக் கம்பியுமாகத் திண்ணையில் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"ஸ்ஸ்" என்று தூரதிருஷ்டியை என் கையில் கொடுத்தான். "மூணாவது மடிப்புக்கு வடக்க. நாலு நிக்குது. மணி என்ன, சொல்லுங்க."

ஒன்பது நாற்பது என்றேன். எழுதிக்கொண்டான்.